ஒரு பக்கத்துக்கு மேற்படாமல்

பதினொரு ஆட்டம். நான்கு வெற்றி.
அதில் ஒன்று, மட்டக்களப்பு அணியின் வான்
வெருகலில் டயர் வெடித்து நின்றதால் வந்தது.
அதையும் சேர்த்தே எழுதுகிறேன்,
சேர்க்காவிட்டால் மூன்று.

விளையாட்டுக் குழுவுக்கு ஒரு பக்கம் போதுமாம்.
துறைமுக அலுவலகத்தில்
கப்பல்களுக்கு எழுதும் அதே தாளில்
சாப்பாட்டு நேரத்தில் தொடங்கினேன்:
வந்த திகதி, போன திகதி, இறக்கிய சரக்கு.

ஃப்ரீ த்ரோ தொண்ணூற்றேழு. விழுந்தவை முப்பத்தெட்டு.
விளக்கம் கேட்பீர்கள்.

எங்கள் கடற்பக்க வளையம்
இடப்புறம் இரண்டு விரற்கடை சரிந்திருந்தது.
உப்புக்காற்று ஆணியைத் தின்றதென்கிறார் காவலாளி.
பரிசளிப்பு விழாப் பந்தலுக்கு
அதில்தான் கயிறு கட்டினார்கள் என்று
எழுதுவினைஞர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.
எதுவானாலும் பிள்ளைகள் சரிவுக்கே கை பழகினார்கள்.
கொஞ்சம் இடம் தள்ளி எறிந்தால்
இங்கே எல்லாம் விழும்.

கண்டியில் மட்டமாய் நின்றது வளையம்.
ஒன்றன்பின் ஒன்றாய்,
இடப்புற விளிம்பில், அதே இடத்தில் பட்டுத் திரும்பின.
அவ்வளவு ஒழுங்கான தவறை நான் கண்டதில்லை.
சத்தம் போட மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.
எழுபத்தொன்றுக்கு இருபத்திரண்டு.

தனித்தனியே எழுதச் சொல்லியிருக்கிறீர்கள்.

கஜனிகா. ஐந்தடி பத்து.
உயர்தரம் எழுதிவிட்டாள், போகிறாள்.
வளையத்தில் பட்டுத் தெறித்த பந்தில்
நூற்று நான்கு அவள் கைக்கு வந்தவை.
சப்பாத்தை அணிக்கு விட்டுவிட்டுப் போகிறாள்.
யாருக்கும் அளவில்லை.

அனிஸ்டா,
இன்னும் எவரும் வந்து சேராத இடத்துக்குப்
பந்தை அனுப்புகிறவள்.
ஏட்டில் அது ‘தவறிய பந்து’ என்று விழும்.
ஏடு அவளைப் பற்றிப் பொய் சொல்கிறது.
ஏட்டை எழுதுகிறவன் நான்தான்.

ஷிமாரா கிண்ணியாவிலிருந்து வருகிறாள்.
கடைசி பஸ் ஆறு பத்து.
பயிற்சியில் அவளுக்கு நான்காம் பகுதி கிடையாது.
குருநாகலில், இரண்டு புள்ளி பின்னால் நிற்கையில்,
நான்காம் பகுதி நடுவே
அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள்.
பந்து காலடியில் உருண்டு போனது.
வேறு யாரும் கவனிக்கவில்லை,
ஆகவே இது அறிக்கையில் வரத் தேவையில்லை.
வெட்டிவிடலாம்.

மான்கள் பற்றியும் முறைப்பாடு வந்ததாம்.
ஐந்தரைக்கு நான்கைந்து வந்து
நடுக்கோட்டில் படுத்துக்கொள்ளும். நாங்கள் எழுப்புவதில்லை.
அவற்றைச் சுற்றி ஓடி ஓடியே
எங்கள் பிள்ளைகள் போல் வளைந்து ஓட
மாகாணத்தில் ஆளில்லை.
சாணியை நான் அள்ளுகிறேன்.

ஒக்டோபர் கடைசியில், மழைக்கு முன்,
வெல்டிங் கடை சில்வெஸ்தர் ஏணியோடு வந்து
வளையத்தை நிமிர்த்தினார்.
மட்டக்குழாயின் குமிழி நடுவில் வந்து நின்றது.
எல்லோரும் கைதட்டினோம்.
அன்றிலிருந்து இங்கேயும் விழுவதில்லை.

‘அடுத்த ஆண்டு வாய்ப்பு’ என்று ஒரு தலைப்பு.
கீழே மூன்று கோடு இடம்.

நேற்று மழை விட்ட இடைவெளியில்
குளமாய்க் கிடந்த களத்தின் ஒரு காய்ந்த துண்டில் நின்று
ஷிமாரா எறிந்துகொண்டிருந்தாள்.
இடம். இடம். இடம்.
நாற்பதுக்கு மேல் எண்ணிய பிறகு
ஒன்று வலப்புற விளிம்பில் பட்டு வெளியே போனது.
புதுத் தவறு.
அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.
நான் ஏட்டில் நேரத்தைக் குறித்தேன்: ஐந்து ஐம்பத்திரண்டு.

முதற்கோடு: ஐந்து வெற்றி,
மற்றவர்களின் டயரை நம்பாமல்.
இரண்டாம் கோடு: பத்தாம் வகுப்பில்
ஓர் உயரமான பிள்ளை இருக்கிறாள், வலைப்பந்துக்காரி,
கேட்டுப் பார்க்கவேண்டும்.
மூன்றாவது ஒரு கோரிக்கை.
ஆறு பத்து பஸ்ஸை ஆறே முக்காலுக்கு மாற்ற
யாருக்கு எழுதவேண்டும் என்று அறியத்தாருங்கள்.
அந்தக் கடிதத்தையும் நானே எழுதுகிறேன்,
ஒரு பக்கத்துக்கு மேற்படாமல்.